நல்லூரானுக்கு நாளொன்றுக்கு இருபத்தொரு கிலோமீற்றர்

தன் காலைத் தானே கையால் தூக்கிக் காருக்குள் வைக்கும் மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். மூன்று கிழமைக்கு முன், ட்வெய்ட்டா கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில்.

ஆள் வேறு யாருமில்லை, என் மனைவி சரோவின் தம்பி சிறீதரன். வீட்டில் சிறி. வயது ஐம்பத்திரண்டு. இங்கே நோர்வேயில் பஸ் ஓட்டுகிறவன். ஊரில் நல்லூர் முருகன் கோயில் திருவிழாக் காலம் என்பதால் கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணி என்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தோம். பைகளைப் பின்னால் வைத்தான். சாரதி சீற்றில் உட்கார்ந்தான். வலது கால் உள்ளே போய்விட்டது. இடது கால் வெளியே நின்றது. நின்றது... நின்றுகொண்டே இருந்தது.

பிறகு காற்சட்டையைத் தொடையில் கொத்தாகப் பிடித்து, அரிசிப் பையைத் தூக்குவதுபோல் அந்தக் காலைத் தூக்கி உள்ளே வைத்தான். கதவைச் சாத்தினான். ஒன்றுமே நடக்காததுபோல ரேடியோவைப் போட்டான்.

"என்னடாப்பா அது?" என்றேன்.

"எது, அத்தான்?"

"கால்."

"கால் இருக்குது."

"இருக்கிறது எனக்கும் தெரியுது. ஏன் கையாலை தூக்கினனி?"

"சின்னப் பிடிப்பு. கவட்டுப் பக்கம். ஓடேக்கை சூடாகினா விட்டிடும்."

ஓடேக்கை! ஓடும்போதாம்! அங்கேதான் வருகிறது வில்லங்கம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். நான் எண்ணுகிறவன். கணக்குப் பரிசோதனை வேலையில் இருந்து ஓய்வுபெற்று வருடங்கள் ஆகியும் பழக்கம் விடவில்லை. பஸ் எத்தனை தரம் பிந்தியது, கல்யாண வீட்டில் எத்தனை கதிரை காலியாகக் கிடந்தது, டொக்டர் தந்த குளிசையில் எத்தனை மிச்சம்... எண்ணாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எண்ணினால் பயம் வரும். இரண்டில் பயம் பரவாயில்லை.

முன்பெல்லாம் இந்த வியாதி எனக்கு மட்டும்தான் இருந்தது. இப்போது ஊருக்கே தொற்றிவிட்டது. வாட்ஸப்பைத் திறந்தால் நடந்த தூரம், எரித்த கலோரி, தூங்கிய நேரம், இதயத் துடிப்பு. சங்கக் கூட்டத்தில் ஒருவர் தன் மணிக்கூட்டை நீட்டிக் காட்டுகிறார். மற்றவர் தன்னுடையதை நீட்டுகிறார். முன்பு பிள்ளைகளின் புள்ளிகளைச் சொல்லிச் சண்டைபிடித்தவர்கள் இவர்களேதான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இனி யாருடைய புள்ளியைச் சொல்வது? கால்கள் மாட்டிக்கொண்டன. எண்களைக் காதலித்த எனக்கே அலுத்துப்போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

சிறி இந்த ரகம் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் டொக்டர் இரத்தத்தில் சீனி கூடியதைப் பற்றி எச்சரித்தபோது ஓடத் தொடங்கினான். நல்ல விஷயம்தானே? வயிறு இறங்கியது. சீனி இறங்கியது. பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த முதுகு வலியும் போனது. கிழமைக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவில் ஓடினான். செப்டம்பர் மரதனுக்குப் பெயரும் கொடுத்தான். ஞாயிறுதோறும் கிழமைக் கணக்கை எனக்கு மட்டும் அனுப்புவான், அத்தானுக்கு எண்கள் பிடிக்கும் என்று. "இந்தக் கிழமை 48." "இந்தக் கிழமை 52." நானும் ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்புவேன்.

நல்லூரில் கொடியேறிய பிறகு வந்த முதல் கிழமைக் கணக்கு: 147.

நான் அதைப் பார்த்து என்ன செய்தேன் தெரியுமா? ஏழால் பிரித்துப் பார்த்தேன். மீதியில்லாமல் பிரிந்தது. நாளுக்கு அச்சொட்டாக இருபத்தொன்று, அரை மரதன் அளவு. 'வடிவான எண்' என்று பதில் போட்டேன். கட்டைவிரலையும் தூக்கினேன்.

ஐம்பத்திரண்டு எப்படி ஒரே தாவலில் நூற்றிநாற்பத்தேழு ஆகும் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. பரிசோதகன் செய்கிற வேலையா இது?

இந்தக் காலத்தில் எங்கள் வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொடியேறினால் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் நல்லூர் நேரலை. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே ஆறரை. உலகத்தில் எனக்குப் பிடித்த கோயில் அதுதான். மணி தவறாது, ஒருவருக்காகவும் காத்திருக்காது. சரோ பக்தியோடு பார்ப்பாள். நான் மணிக்கூட்டோடு பார்ப்பேன்.

சிலர் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருபத்தைந்து நாளும் விரதம் பிடிப்பார்கள். சிறியும் பிடித்தான். கோடை லீவு முழுவதையும் திருவிழாவோடு பொருத்தி எடுத்திருந்தான். காலையில் வெறும் வயிறு. காதில் நல்லூர் நாதஸ்வரம். தன் ரொம்சோஸ் மாடிவீட்டிலிருந்து இறங்கி லில்லோமார்க்கா காட்டுக்குள் ஓட்டம். மத்தியானப் பூசை முடிந்த பிறகு ஒரு தட்டுச் சோறு. அவ்வளவுதான். அடுத்த நாள் மத்தியானம் வரை தண்ணீரும் தேநீரும்.

ரொம்சோஸில் அவனுடைய மாடிக்குக் கீழே ஒரு நோர்வேக் கிழவர் இருக்கிறார். காலையில் ஓடுகிறவனைக் கண்டால் பல்கனியிலிருந்து "ஃப்ளிங்க்!" என்று கத்துவார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். இந்த நாட்டில் ஓடுகிற மனிதனை யாரும் நிறுத்துவதில்லை. ஒருவன் ஒவ்வொரு நாளும் குடித்தால் தனியே கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஒவ்வொரு நாளும் ஓடினால்? கட்டைவிரல்.

இங்குள்ள எங்கள் கோயிலில் இன்னொரு பாராட்டு. "சிறி அண்ணை இந்த முறை கடும் விரதம். முகத்தைப் பாருங்கோ, என்ன தேஜஸ்!" அவர்கள் தேஜஸ் என்று சொன்னது, கன்னம் ஒட்டிப்போய் எலும்பு தெரிந்ததை.

கிழவருக்கு ஓட்டம் தெரியும், விரதம் தெரியாது. கோயில்காரருக்கு விரதம் தெரியும், ஓட்டம் தெரியாது. சிறியின் மனைவி ரஞ்சி விடியவே வேலைக்குப் போய்விடுவாள். ஏதோ எட்டு, பத்து ஓடுகிறார் என்று நினைத்திருந்தாள். இரண்டும் தெரிந்தவன், எண்ணோடு தெரிந்தவன், நான் ஒருவன்தான்.

அதனால்தான் அந்தக் கால் என்னைத் தூங்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்து சரோவிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எதுக்குத்தான் பயம் இல்லை?" என்றாள். "போன மாசம் லிஃப்ட் ஆடுது எண்டியள். அதுக்கு முதல் மாசம் தண்ணி மணக்குது எண்டியள்."

"லிஃப்ட் ஆடினதுதான்."

"ஆடட்டும். அவன் பிடிப்பு எண்டால் பிடிப்புத்தான்."

ஆனாலும் ரஞ்சிக்குப் போன் எடுத்தவள் அவள்தான். தம்பி அல்லவா.

ரஞ்சியைப் பற்றி ஒரு வரி. ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. பார்ணஹாகே என்று எங்கள் பிள்ளைகளும் சொல்லும் இடம். நாள் முழுக்க மூன்று வயதுக்காரர்களின் பொய்யைக் கண்டுபிடிக்கிறவளுக்கு ஐம்பத்திரண்டு வயதுக்காரர் எம்மாத்திரம்? அன்று பின்னேரமே சிறியைப் படியில் ஏறச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கைபிடியை இழுத்து இழுத்து ஏறியிருக்கிறான். அடுத்த நாள் காலை என் போன் அடித்தது.

"அண்ணா, டொக்டரிட்டை நேரம் எடுத்திட்டன். நீங்களும் வாங்கோ."

"நான் எதுக்கு?"

"இவர் டொக்டருக்குக் குறைச்சுச் சொல்லுவார். உங்களிட்டைத்தானே கணக்கு இருக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வியாதிக்கு ஒரு மரியாதை.

டொக்டர் நாற்பது வயதுப் பெண். மேசைக்குக் கீழே அவருடைய ஓட்டச் சப்பாத்து கிடந்தது. சிறி அதைக் கண்டதும் கொஞ்சம் நிமிர்ந்தான், தன் இனத்தைக் கண்டுவிட்டவன்போல. எவ்வளவு ஓடுகிறீர்கள் என்று கேட்டார்.

"கொஞ்சம்," என்றான்.

ரஞ்சி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "நூற்றிநாற்பத்தேழு."

"மாதத்துக்கா?"

"கிழமைக்கு. அதற்கு முந்திய கிழமை ஐம்பத்திரண்டு."

பேனையைக் கீழே வைத்தார். சிறி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டார். ஒரு நேரம் என்றாள் ரஞ்சி. ஏன் என்று கேட்டார். சமயம் என்றான் சிறி. அந்தச் சொல்லைக் கேட்டதும் நோர்வேக்காரர் முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்காரும். அதற்குமேல் கேட்க மாட்டார்கள். இவரும் கேட்கவில்லை. இடது காலில் மட்டும் நின்று ஒரு தரம் துள்ளச் சொன்னார்.

நின்றான். துள்ளவில்லை. துள்ள நினைத்ததிலேயே முகம் வெளிறிவிட்டது.

"போதும்," என்றார் டொக்டர். வீட்டுக்குக்கூடப் போக வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுங்கள் என்று அனுப்பினார்.

படம் எடுத்தார்கள். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற கழுத்தில் ஒரு கோடு. தலைமயிர் அளவு. பிடிப்பு இல்லை, வெடிப்பு.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். ஓட ஓட எலும்பிலும் சின்னச் சின்னத் தேய்வு வருமாம். உடம்பு அதைத் திரும்பக் கட்டும். கட்டுவதற்கு அதற்கு இடைவெளி வேண்டும், சாப்பாடு வேண்டும். இந்த அளவு ஓடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள்தான். ஆனால் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அங்கே வந்தவர்கள் அவர்கள். ஓட்டம், சாப்பாடு, நித்திரை என்பதே அவர்களுடைய வேலை. நீங்களோ ஒரே கிழமையில் மூன்று மடங்காக்கிவிட்டுச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டீர்கள். எலும்பு எதை வைத்துக் கட்டும்?

நல்ல காலம், கோடு குறுக்கே முழுதாகப் போகவில்லை. ஊன்றுகோலோடு, அந்தக் காலில் பாரம் போடாமல் இருந்தால் தானாகவே பொருந்தும். இனியும் ஓடினால் முறியலாம். முறிந்தால் ஆணி போட வேண்டும். அதன் பிறகு பஸ் ஓட்டுவதற்கு உத்தரவாதம் இல்லை. நொண்டாமல் நடப்பதற்கும் இல்லை.

சிறி தலையாட்டினான். ஊன்றுகோல்களை வாங்கிக்கொண்டான். மூன்று பேரும் கொரிடோருக்கு வந்தோம். இரண்டடி வைத்துவிட்டு நின்று, தனக்குத் தானே சொல்வதுபோலச் சொன்னான்:

"ஒன்பது நாளிலை முடிஞ்சிடும்."

"என்ன முடியும்?" என்றாள் ரஞ்சி.

"தீர்த்தம்."

"தீர்த்தத்துக்கும் உங்கட காலுக்கும் என்ன?"

"மெல்லமா ஓடுறன். ஒன்பதே ஒன்பது நாள்."

"நோர்ஸ்கிலை சொன்னது விளங்காட்டித் தமிழிலை சொல்லுறன், கேளுங்கோ. ஆணி அடிப்பினம். ஆணி!"

"விளங்கினது."

"பிறகென்ன?"

"குடுத்த வாக்கு, ரஞ்சி."

ஆஸ்பத்திரிக் கொரிடோரில் ஒரு கதிரை கிடந்தது. அதைக் கண்ணால் காட்டினான். "மார்ச்சிலை நீர் உள்ளுக்கை போன நேரம் இதிலைதான் இருந்தனான்," என்றான்.

மார்ச்சில் ரஞ்சியின் மார்பில் ஒரு கட்டி. திரும்பக் கூப்பிட்டு ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தக் கதிரையில் இருந்து அவன் நேர்த்தி வைத்தது யாருக்கும் தெரியாது. ஒன்றுமில்லை என்று வந்தால் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வெறும் வயிற்றோடு அரை மரதன் ஓடுகிறேன் என்று.

"நேர்த்தி வைக்கிற ஆக்கள் காவடி எடுப்பினம், பாற்செம்பு எடுப்பினம்," என்றேன் நான். வாய் சும்மா இருக்காது.

"காவடி எடுக்கத் தோள் ஏலாது, அத்தான். நல்லூருக்குப் போய் வீதியிலை உருண்டு பிரதட்டை செய்யக் காசு காணாது. எனக்குத் தெரிஞ்சது ஓட்டம். முழு மரதன் ஒவ்வொரு நாளும் ஏலாது. பாதியெண்டாலும் குடுப்பம் எண்டு..."

ரஞ்சி அழுவாள் என்று நினைத்தேன். எங்கள் மனிசர் வழக்கமாக அதைத்தானே செய்வார்கள்? அவள் அழவில்லை. கொரிடோரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரலை உயர்த்தினாள்.

"கட்டி ஆருக்கு வந்தது?"

"உமக்கு."

"என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? என்ர கட்டிக்கு உங்கட எலும்பையோ குடுக்கிறது? நல்லூரான் கேட்டவரோ எலும்பு?"

"உம்மைக் கேட்டிருந்தா நீர் விட்டிருக்கமாட்டீர்."

"விட்டிருக்கமாட்டன்தான்!"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கியது. "நேர்த்தி எனக்காகத்தானே?"

"ஓம்."

"அப்ப மிச்சம் என்ர. நான் குடுக்கிறன்."

"நீர் பஸ்ஸுக்கே ஓடமாட்டீர்."

"ஆர் ஓடுறது? நடக்கிறன்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, மிச்சம் எவ்வளவு?"

"நூற்றியெண்பத்தொன்பது," என்றேன். அந்த விடை அவள் கேட்கும் முன்பே என் வாயில் இருந்தது.

சிறிக்கு மனம் ஒப்பவில்லை. நேர்த்தியை ஆள் மாற்றலாமா? பாதியில் நடையாக்கலாமா? தவறினால் மார்ச்சில் வந்த முடிவு திரும்பிவிடுமா? அவன் கண்ணில் இருந்த பயம் அதுதான். ஆணிக்கு அவன் பயப்படவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது, இவனை டொக்டரால் நிறுத்த முடியாது என்று. அவன் வாக்குக் கொடுத்தது டொக்டருக்கு இல்லையே.

காரில் ஏறியதும் — இம்முறை நான்தான் ஓட்டினேன், மெதுவாக — ரஞ்சி இங்குள்ள கோயில் ஐயருக்குப் போன் எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். முழுக்கதையும் கேட்டார்.

"குடும்பத்திலை ஆரும் செலுத்தலாம்," என்றார். "தகப்பன் வைச்ச நேர்த்தியைப் பிள்ளை செலுத்திறதில்லையோ?"

"ஓட்டமா வைச்சது, ஐயா. நடந்தாச் சரிவருமோ?" சிறி பின் சீற்றிலிருந்து.

"வேகம் அளக்கிறதுக்கு முருகன் என்ன ட்ரஃபிக் பொலிசோ? நடவுங்கோ."

"வெறும் வயித்தோடை எண்டும் சொன்னனான்..."

ஐயர் சிறியை விட்டுவிட்டு ரஞ்சியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை ரஞ்சி, வீட்டை போனதும் முதல் வேலையா அந்தாளுக்குச் சாப்பாடு குடு. தயிரும் விடு. மிச்சத்தை நான் நல்லூரானோடை கதைக்கிறன்."

பின் சீற்றில் ஒரு பெருமூச்சு கேட்டது. பதினாறு நாள் சேர்த்துவைத்த பெருமூச்சு.

ரொம்சோஸ் வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கூடினோம். சரோவையும் வரச் சொல்லிவிட்டோம். சிறியின் மகள் ஆரணி வீட்டில் இருந்தாள். இருபத்திரண்டு வயது, இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழக விடுமுறை. தகப்பன் சோறு சாப்பிடுவதைக் காவல்காரிபோல் பார்த்துக்கொண்டு கதையைக் கேட்டாள்.

"அம்மா மட்டும் நடக்கிறதோ? நோ. நாளுக்கு இருபத்தொண்டு கிலோமீற்றர் எண்டா அம்மாவும் விழுந்திடுவா. பிரிச்சு எடுப்பம்." பிறகு சிரித்தாள். "டூக்னாட்!"

மாடிவீடுகளில் இருக்கிற எல்லாருக்கும் இந்தச் சொல் தெரியும். வசந்தம் வந்தால் கட்டடத்தில் உள்ள அத்தனை பேரும் இறங்கிக் குப்பை கூட்டி, வேலிக்கு வர்ணம் பூசி, வேலையைப் பங்குபோட்டு முடிப்பார்கள். வராதவரைப் பற்றி வருடம் முழுக்கக் கதைப்பார்கள். நோர்வேக்காரரின் அந்தப் பழக்கத்தை நல்லூரானுக்குக் கொண்டுபோன முதல் ஆள் ஆரணியாகத்தான் இருக்கவேண்டும்.

பங்கு பிரிக்கிற பொறுப்பு யாருக்கு? கேட்க வேண்டுமா?

ஆரணி தனக்குப் பதினைந்து என்றாள். நான் மறுத்துவிட்டேன். கோடை முழுக்க அவள் நடந்தது குளிர்சாதனப் பெட்டி வரைக்கும். பூச்சியத்திலிருந்து பதினைந்துக்குப் போவதும் தகப்பன் செய்த அதே வேலைதானே? ஒன்பது கொடுத்தேன், நடை மட்டும். நாள் முழுக்கக் காலில் நின்று பழகிய ரஞ்சிக்கு ஆறு. சரோவுக்கு நாலு. என் இதயக் குளிசையையும் முழங்காலையும் உத்தேசித்து எனக்கு இரண்டு. மொத்தம் இருபத்தொன்று.

"நாலோ? எனக்கு எங்காலை வந்தது நாலு?" என்றாள் சரோ.

"கழிச்சுப் பார்க்க வந்தது."

"உங்களுக்கு மட்டும் கழிச்சுப் பார்க்க இரண்டோ?"

ரொம்சோஸ் மாடிவீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஏரி இருக்கிறது. சுற்றி நடக்கப் பாதை. சிறியின் பல்கனியிலிருந்து பார்த்தால் பாதையில் ஒரு துண்டு தெரியும். நாங்கள் சுற்றினோம். அவன் பிளாஸ்டிக் கதிரையில் ஊன்றுகோல்களோடு இருந்து பார்த்தான். கையில் தட்டு; ரஞ்சியின் கட்டளை.

"அத்தான்! புல்லுக்குள்ளாலை குறுக்கை வாறியள்!"

"உன்ர கண்ணைச் சோதிக்க வேணும்!"

"அக்கா, நீ நிண்டு கதைக்கிற நேரம் கணக்கிலை வராது!"

கீழ் மாடிக் கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடுகிறவன் ஏன் கதிரையில் இருக்கிறான், ஓடாதவர்கள் ஏன் சுற்றுகிறார்கள்? இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் எனக்கும் ஒரு "ஃப்ளிங்க்!" கிடைத்தது. அதற்காக நான் இந்த நாட்டுக்கு வரவில்லை என்றாலும், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எல்லாம் சிரிப்பாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் என் இரண்டை முடித்துக்கொண்டு மேலே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நோகுதோ?"

"கால் நோகேல்லை, அத்தான்." கீழே ரஞ்சி தனியாக வளைவில் திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னேர வெயில், வேலை முடிந்து வந்த உடுப்பு. "உதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறதுதான் நோகுது. ஓடுறது சுகம்."

வேறொருவருக்காக ஓடித் தேய்வது எங்களில் பலருக்குக் கைவந்த விஷயம். இரட்டை ஷிஃப்ட், லீவில்லாத வருடங்கள், மூன்று மணிநேரத் தூக்கம். எதைச் செய்தாலும் இந்த உடம்பை மேலதிக நேர வேலைக்கு அனுப்பியே பழகிவிட்டோம். ஓட்டத்திலும் அதைத்தான் செய்தான் இவன். சும்மா இருந்து பிறர் தனக்காக நடப்பதைப் பார்ப்பதற்கு யார் பயிற்சி தந்தார்கள்?

தேர் அன்று காலையில்தான் உண்மையான சோதனை.

அங்கே தேர் இழுபடுகிறது. நேரலையில் அரோகராச் சத்தம். ரஞ்சி அன்று லீவு எடுத்திருந்தாள். குசினியிலிருந்து வந்து பார்த்தால், சிறி வாசலில் உட்கார்ந்து ஓட்டச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான். வலது கால் கட்டியாகிவிட்டது. இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஒரே ஒரு நாள், ரஞ்சி. தேருக்கு மட்டும்."

இதை ஆரணி எனக்குச் சொன்னாள். அம்மா கத்தப்போகிறாள் என்று அவள் காதைப் பொத்தத் தயாரானாளாம். ரஞ்சி கத்தவில்லை. குனிந்தாள். இடது கால் சப்பாத்தை எடுத்துத் தன் தோள் பைக்குள் வைத்தாள். கதவைத் திறந்தாள்.

"நான் என்ர ஆறை முடிச்சிட்டு வாறன். ஒற்றைச் சப்பாத்தோடை ஆரும் மரதன் ஓடினதா நான் கேள்விப்படேல்லை."

அந்த ஆறு கிலோமீற்றரும் அவள் பைக்குள் அவனுடைய இடது சப்பாத்துப் போனது. சிறி பல்கனிக்குப் போய் உட்கார்ந்தான். அவள் ஒவ்வொரு முறை வளைவில் வரும்போதும் பையை ஒரு தட்டுத் தட்டிக் காட்டியிருக்கிறாள். மூன்றாம் சுற்றில் அவன் சிரித்துவிட்டானாம்.

அடுத்த நாள் தீர்த்தம். கடைசி இருபத்தொன்றையும் முடித்தோம். சிறி ஓடியதோடு சேர்த்து ஐந்நூற்றிருபத்தைந்து. அதில் என் பங்கு பதினெட்டு என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். என் முழங்கால் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது.

பிறகு ஆஸ்பத்திரியில் திரும்பவும் படம் எடுத்துப் பார்த்தார்கள். கோடு பரவவில்லை, பொருந்தத் தொடங்கியிருக்கிறது. ஆணி இல்லை. ஊன்றுகோல் இன்னும் சில கிழமைக்கு. பஸ்ஸுக்கு அதன் பிறகு திரும்பலாம். செப்டம்பர் மரதன் இந்த வருடம் அவனில்லாமலே நடக்கும். ஓடவே கூடாது என்று டொக்டர் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். என்னைப்போலப் பயந்தவர்கள் இதை வாசித்துவிட்டு வீட்டில் ஓடுகிற பிள்ளையைப் பிடித்துக் கட்டிவைக்கக் கூடாது. குளிருக்கு முன் நடை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம், இடையில் ஓய்வு, வயிறு நிறையச் சாப்பாடு.

உங்கள் வீட்டில் யாராவது கிழமைக் கணக்கு அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: போன கிழமை எவ்வளவு? இன்னொன்றும் கேளுங்கள்: இன்றைக்குச் சாப்பிட்டாயா? நான் கேட்கவில்லை. வகுத்துப் பார்த்தேன்.

போன ஞாயிறு, வழக்கமான நேரத்துக்குச் சிறியின் செய்தி வந்தது. "இந்தக் கிழமை: 0." இத்தனை வருடக் கணக்கில் அவன் அனுப்பிய முதல் பூச்சியம். உடனே அதே போனிலிருந்து இன்னொரு செய்தி. விரல் ரஞ்சியுடையது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

"ஓட்டம் 0. சாப்பாடு 21."

நாளுக்கு மூன்று, கிழமைக்கு ஏழு நாள்... சரிபார்த்தேன். கணக்குச் சரி.